மடியில் இரண்டு கல்

"டாக்டரம்மா என்னத் தராசுல நிறுத்துப் பாத்தப்ப மடியில ரெண்டு கல்லு வச்சிருந்தேன்க்கா."

மாத்தளைக்குப் போகிற எல்கடுவ பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் மறித்து, எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருவர்.

"யாரு, ஒலகத்துல சனங்களுக்கு ஏன் ஒடம்பு வைக்குதுன்னு ஆராய்ச்சி பண்றாங்களே, அவங்களா? அந்தம்மாவுக்குத் தல நரச்சதே இந்த வேலையிலதானாம். கல்லு எதுக்குடி?"

"தராசக் கண்டா கை தானாப் போவுதுக்கா. கொழுந்து நிறுக்கிறப்ப கொறஞ்சா கங்காணி ஏசுறாருல்ல?"

"அடிப் பாவி! அவங்க என்னா சொன்னாங்க?"

"தராசு முள்ளப் பாத்துட்டு என்னப் பாத்தாங்க. திரும்ப முள்ளப் பாத்தாங்க. என்னா சாப்புடுறீங்கன்னாங்க. ரொட்டியும் சம்பலும்னேன். வெளிநாட்டுக் கூட்டத்துல இதக் கட்டாயம் சொல்லணும்னாங்க."

"அடியே! ரொட்டி தின்னா ஒடம்பு வைக்கும்னு கவுருமெண்டு மாவத் தராம விட்டுட்டா?"

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். சிரிக்க வேண்டாம் என்று ஆமிக்காரர் சிங்களத்தில் அதட்டினார். வரிசையே சிரிப்பை அடக்கிக் குலுங்கியது.

"நாளைக்கு மறுபடி நிறுக்க வர்றாங்களாம். உள்ளதச் சொல்லிரு."

"சொன்னா மனசு ஒடஞ்சு போவாங்கக்கா. ரொட்டியக் கொறைங்கன்னு என் கையப் புடிச்சு எவ்வளவு அன்பாச் சொல்லிட்டுப் போனாங்க!"

"அப்ப என்னா செய்யப் போற?"

"இந்தத் தடவ ஒரு கல்லுதான்."