கால் வலி, முக்கால் நடிப்பு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழி ரஹ்மத் ஐந்து நிமிடம் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். குறும்புக்காரிகளால் இந்தப் பள்ளிக்குக் கடுகளவும் பயன் இல்லையாம். பெயர் சொல்லவில்லை... ஆனால் சொல்லி முடிக்கும்வரை என்னையே பார்த்தாள்.

பதிலுக்கு ஒரு குட்டிக் கதை வைத்திருக்கிறேன். குட்டிக் கதைதான்... நான் குட்டு வாங்கிய கதை.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நாற்பது பேரும் கோடியக்கரை சரணாலயம் போனோம். கூட்டிப் போனவர் பி.டி. மிஸ். முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாரே, எஸ்தர் மிஸ், அவரேதான்.

பேருந்து காட்டுக்குள் நுழைந்ததும் நான் கத்தினேன். "மான், மான்." எல்லாரும் இடது பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். அங்கே ஓர் ஆடு. கொஞ்ச தூரம் போய் மறுபடி கத்தினேன். மறுபடி பாய்ந்தார்கள். ஆடுகூட இல்லை. மூன்றாவது தடவை, நிஜமாகவே, முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் பாதையோரம் நின்றது. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியாவது திரும்ப வேண்டுமே. மானைப் பார்த்ததும் நான்தான்... மானம் போனதும் எனக்குத்தான்.

கடற்கரைக்கு வந்தோம். தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, வனக்காவலர் அண்ணன் பைனாகுலர் எடுக்கப் போனார். மிஸ்ஸுக்குக் கை சும்மா இருக்குமா? மணலில் ஒரு கோடு கிழித்தார்.

"எல்லாரும் கோட்டுல நில்லுங்க. விசில் அடிச்சதும் ஈர மணல் வரைக்கும் ஓட்டம்."

அப்போதுதான் அது வந்தது. கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குருவி. மணல் நிறம், வெள்ளை வயிறு. ஒரு சிறகைத் தரையில் தேய்த்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, பக்கவாட்டில் போகிறது.

"ஐயோ பாவம்டி, ரெக்கை ஒடிஞ்சிருக்கு." இது ரஹ்மத்.

எல்லாருக்கும் பாவமாக இருந்தது. எனக்கோ... எங்கேயோ பார்த்த நடையாக இருந்தது. எங்கே பார்த்தேன்? கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பி.டி. பீரியடில் நான் நடக்கிற நடை அது. கால் வலி... முக்கால் நடிப்பு.

நிஜமாக வலிக்கிறவள் தன் காலைப் பார்ப்பாள். நடிக்கிறவள் மிஸ்ஸைப் பார்ப்பாள். அந்தக் குருவி நாலடிக்கு ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தது. வருகிறார்களா, வருகிறார்களா என்று பார்த்தது. இந்தப் பக்கம் வா என்று ஒருத்தி நடித்தால் என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் பார்த்தேன். கோட்டுக்கு முன்னால் இருபதடி தூரத்தில், மணலில் ஒரு சின்னக் குழி. அதில் மூன்று முட்டை. பேனா ஒழுகியது மாதிரி மேலெல்லாம் மைப்புள்ளி. கோட்டில் நாற்பது பேர்... எண்பது கால். மிஸ் வாயில் விசில்.

"மிஸ், ஓட விடாதீங்க. அங்க முட்டை இருக்கு."

மிஸ் என்ன சொன்னார்? "காலையில மான் இருக்குன்ன. ஆடுல்ல இருந்துச்சு?"

ரஹ்மத் என்ன சொன்னாள்? "முட்டை இருக்கு மிஸ். இவ கணக்குப் பேப்பர்ல இருக்கு."

கடற்கரையே சிரித்தது. மிஸ் மறுபடி விசிலை வாயில் வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். என் சொல்லை நம்ப அங்கே ஓர் ஆள் இல்லை. என் கையில் மிச்சம் இருந்தது என்ன? நடிப்பு. அதையும் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாதிரி "அம்மா, அப்பா" என்று நான் கத்தினாலே சிரிப்பார்கள்.

குருவியைப் பார்த்தேன். அது கத்தவே இல்லை.

கோட்டை விட்டுப் பக்கவாட்டில் ஓடினேன். முப்பதடி ஓடி விழுந்தேன். மூச்சு விடவில்லை. பல்லைக் கடித்து எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு காலைத் தேய்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

மிஸ் வாயிலிருந்து விசில் விழுந்தது. "ஏய்... இவ கத்தலடி. கத்தாம விழுந்திருக்கான்னா, நிஜம்டி."

முப்பத்தொன்பது பேரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். கடலை நோக்கி ஒரு கால்கூடப் போகவில்லை. ரஹ்மத் என்னை முதுகில் தூக்கினாள். "ஏறிக்கடி, பயப்படாத," என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர் அவளுக்கு. பாதை வரைக்கும் அப்படியே சவாரி போனேன். அங்கே இறங்கி, இரண்டு காலிலும் நின்று சொன்னேன். "இப்பத் திரும்பிப் பாருங்க."

ஒடிந்த சிறகுக்காரி ஜம்மென்று பறந்து வந்து, அந்தக் குழியில் இறங்கி உட்கார்ந்தாள்.

அதற்குள் திரும்பி வந்திருந்த காவலர் அண்ணன் பைனாகுலரில் பார்த்தார். "அது உப்புக்கொத்திப் பறவை, பாப்பா. கூடெல்லாம் கட்டாது, வெறும் மணல்லதான் முட்டை வைக்கும். நல்லவேளை, மிதிக்காம வந்தீங்க."

மிஸ் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "காலு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மிஸ்."

"அப்ப நாளைக்கு மைதானத்தப் பத்துச் சுத்து."

சுற்றினேன். எட்டாவது சுற்றில் பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால், எஸ்தர் மிஸ்ஸும் ஓடி வருகிறார். "நிக்காத, ஓடு," என்றார். அவர் பின்னால் ரஹ்மத். அவள் பின்னால் மொத்த வகுப்பு. தண்டனையை ஊர்வலமாக முடித்தவள் இந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான்.

இதை ஏன் சொல்கிறேன்? மூன்று தடவை கத்தி மானத்தைத் தொலைத்தவளும் நான்தான், கத்தாமல் விழுந்து மூன்று உயிரைக் காத்தவளும் நான்தான். வித்தை ஒன்றே... யாருக்காக என்பதுதான் மாறியது. என் கூத்துக்காக நடித்தால் அது தொல்லை. ஒரு கூட்டுக்காக நடித்தால் அது துணை. ஆகவே ஆசிரியர்களே, எங்களுக்குக் குட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, காப்பாற்றச் சொல்லி மூன்று முட்டையும் கொடுங்கள்.

குறும்புக்காரிகள் பள்ளிக்குத் துணையே. சாட்சி வேண்டுமா நடுவர் அவர்களே? எதிரணித் தோழியின் முதுகைக் கேளுங்கள்.