ரெண்டாம் மணி

பழைய கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும், சார். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. விரலில் இருக்கும் உப்பும் பிசுக்கும் உள்ளே இருக்கிற செம்புக் கோடுகளில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அரிக்கும். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை, நானாக பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். எங்கள் ஊர் ரசலையன் ரயிலில் அடிபட்டு இறந்ததை ‘பழைய கம்ப்யூட்டரின் கோளாறால் ஆலய மணி முந்தி அடித்ததில் நேர்ந்த விபத்து’ என்று எழுதி முடித்திருக்கிறீர்கள். நான் வாசித்துப் பார்த்தேன். அது தவறு. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் என் அண்ணன் கொண்டுவந்தது. தொண்ணூறாம் வருடம் குவைத்தில் போர் வந்து ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்களே, அப்போது அண்ணன் கொண்டுவந்தது ஒரு கம்பளியும் அமிகா என்கிற இந்தக் கம்ப்யூட்டரும்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் மறுபடி கல்ஃபுக்குப் போய்விட்டான், கம்பளி நைந்துபோயிற்று, கம்ப்யூட்டர் என்னிடம் தங்கிவிட்டது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நீங்கள் கேட்பீர்கள் என்று சொன்னேன்.

தொண்ணூற்றாறில் எங்கள் சபை ஆலயத்து வெண்கல மணி கீறிப்போயிற்று. புதுசு வார்க்க வழியில்லை. கீறுவதற்கு முன்னால் நான் அதன் ஓசையைப் பிடித்து வைத்திருந்தேன். அதை அமிகாவில் ஏற்றி, கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில் கொடுத்தேன். ஞாயிறு காலை ஐந்துக்கு முதல் மணி, அப்புறம் ரெண்டாம் மணி, ஆறுக்கு மூன்றாம் மணியோடு ஆராதனை ஆரம்பம். தங்கையன் என்ற என் பேர் போய் ஊரில் நான் ‘மணி சார்’ ஆனேன்.

இந்த இடத்தைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். என்னுடைய அமிகாவில் கடிகாரம் கிடையாது. அதற்கு நேரம் தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். சரியாக ஐந்துக்கு நான் ஒரு பொத்தானை அமுக்குவேன், முதல் மணி அடிக்கும். அதிலிருந்து அது ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கும். ஏழு லட்சத்து இருபதாயிரம் எண்ணி முடித்தால் அரை மணி நேரம். அடுத்த மணியை அடிக்கும். இருபத்தெட்டு வருடமாக அது எண்ணித்தான் அடிக்கிறது.

ரசலையன் எனக்குப் பள்ளிக்கூடத் தோழன். செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணில் அழுத்தம் ஏறி இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. குரல் போகவில்லை. முதல் ஆராதனையில் பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவன் அவன்தான், அதனால் எல்லாருக்கும் முந்தி வந்து சேருவான். அவன் வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே, ஆலயம் மேற்கே. நடுவில் ஒற்றையடிப் பாதை தண்டவாளத்தைத் தாண்டி வருகிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வண்டி ஐந்து இருபத்தாறுக்கு அந்த இடத்தைத் தாண்டும். அப்போது ரெண்டாம் மணி ஐந்தேகாலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை ஐந்தரைக்கு மாற்றினேன். கமிட்டி சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய், “ரெண்டாம் மணி கேட்டா வண்டி போயாச்சுன்னு அர்த்தம். அப்பம் இறங்கு, போதும்” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து எங்கள் ஊரில் குழந்தைகூட, ‘ரெண்டாம் மணி அடிச்சாச்சா’ என்று கேட்டுவிட்டுத்தான் தண்டவாளத்தில் கால் வைக்கும்.

இவ்வளவு செய்தவனுக்கு அவன் காட்டிய நன்றியைச் சொல்கிறேன். வாரம் தவறாமல் ஆலய வாசலில் நின்று, “லேய் மக்கா, உன் மணி இன்னைக்கும் பிந்திற்றுலே” என்பான். பிந்தாது. ஒரு விநாடி பிந்தாது. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் கமிட்டிச் செயலாளர் பிரதீஷ், காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், பாட்டு வரிகளைச் சுவரில் காட்ட வேண்டும் என்றான். அதையும் அமிகாவிலேயே செய்தேன். தமிழ் எழுத்து வளைவு நெளிவானது, பழைய மெஷின் வரைய நேரம் எடுத்தது. “சாரே, வரி வந்து முடியதுக்குள்ள சனங்க அடுத்த சரணம் பாடியாச்சு” என்றான் பிரதீஷ். நியாயமான குறை. அதனால் போலந்து தேசத்தில் ஒருத்தரிடம் எழுதிக் கேட்டு வேகப் பலகை ஒன்றை வரவழைத்தேன். உள்ளங்கை அகலம்தான். கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கும் கறுப்புச் சில்லை மெதுவாக நெம்பி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இந்தப் பலகையை உட்கார்த்த வேண்டும். பலகையில் அதைவிட வேகமான சில்லு இருக்கிறது. அறுபத்துநான்கு கால்கள். ஒன்று மடங்கினாலும் போச்சு. கையைக் கழுவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. எழுத்துகள் சுவரில் ஓடி வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் மணியைச் சோதித்தேன். ஓசை மாறவில்லை, ஒலிக்குத் தனிச் சில்லு உண்டு. ஆனால் ரெண்டாம் மணி அரை மணியில் வரவில்லை, இருபத்திரண்டரை நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூளை வேகமானால் எண்ணுகிற வேகமும் கூடும் அல்லவா. முதல் வருட மாணவன் செய்கிற பிழை. ஏழு லட்சத்து இருபதாயிரத்தை ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் ஆக்கினேன். ரெண்டாம் மணி மறுபடி டாண் என்று ஐந்தரைக்கு வந்தது. நான்கு ஞாயிறு ஒரு குறையும் இல்லை. பிரதீஷைக் கேளுங்கள்.

நான்காம் ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. பிரதீஷ் ஒரு படத்தைக் காட்டினான். நாகர்கோவிலில் விற்கிறார்களாம், புது மணி. சுவரில் மாட்டினால் போதும், ஆளே வேண்டாம், தானாக நேரம் பிடித்துத் தானாக அடிக்கும். யார் ஆதரிக்கிறீர்கள் என்று போதகர் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரசலையனால் என் முகத்தைப் பார்க்க முடியாது.

“நான் ஆதரிக்கேன்” என்று எழும்பினான். “லேய் தங்கையா, நீயும் ரிட்டையர் ஆயாச்சு. அந்தக் கம்ப்யூட்டர் சவத்துக்கும் ஒரு பென்ஷனைக் குடுத்து வீட்ல இருத்துலே.”

கொல்லென்று சிரித்தார்கள், சார். போதகரும் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஞாயிறே அமிகாவுக்குக் கடைசி ஞாயிறு.

நான் அவசரக்காரன் இல்லை. வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கேட்கத்தான் போனேன். மகள் ஷைஜா கட்டன்காப்பி கொண்டுவந்தாள். வீட்டைச் சுற்றி ஆடிக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முற்றத்தில் நின்று கூப்பிட்டால் முன்னறையில் கேட்காது. மேற்கே அடிக்கிற ஆலய மணியை மட்டும் அது கொண்டுவந்து காதில் போடும். கிழக்கேயிருந்து வருகிற வண்டியின் சத்தத்தைப் பணகுடிப் பக்கமே திருப்பி அனுப்பிவிடும்.

“மக்கா, நெஞ்சிழுப்பை வச்சிக்கிட்டு, இந்தக் காத்துல நாலரைக்கே எழும்பி வந்து ஏன் கெடந்து சாவுத?” என்றான் ரசலையன். “புது மணி வந்தா நீ கொஞ்சம் உறங்கலாம்லா. நான் சொன்னாத்தான் கமிட்டி கேக்கும், நீயா விட மாட்ட. அதுக்காக்கும் சொன்னேன். கோவமா இருக்கியா?”

எவ்வளவு தந்திரமாகப் பேசினான் பாருங்கள். கோபம் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. திரும்பி வரும்போது அவன் வீட்டுப் படியிலிருந்து தண்டவாளம் வரைக்கும் அவன் நடையில் நடந்து பார்த்தேன். மணி கேட்டு, செருப்பு மாட்டி, கம்பை எடுத்து, முந்நூற்றுப் பத்து அடி வைக்க மூன்றரை நிமிடம் ஆகிறது. இருபத்திரண்டரையோடு மூன்றரையைக் கூட்டிப் பாருங்கள், ஐந்து இருபத்தாறு வண்டி. நான் வலிந்து பொருத்தவில்லை. அதுவாகப் பொருந்தியது.

சனிக்கிழமை மாலை ஆலயத்துக்குப் போய் ஒன்பது லட்சத்து அறுபதாயிரத்தை அழித்துவிட்டுப் பழையபடி ஏழு லட்சத்து இருபதாயிரம் என்று போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பெட்டியை அன்று திறக்கவே இல்லை. இருந்தாலும் முடித்ததும் கையைக் கழுவினேன், பழக்கம்.

ஊரில் மற்றவர்களும் அந்தப் பாதையில் வருவார்களே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். மற்றவர்களுக்குக் கண் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஐந்துக்குப் பொத்தானை அமுக்கினேன். முதல் மணி அடித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பத்து. ஐந்தேகால். எண்ணிக்கையை நிறுத்த ஒரு பொத்தான் போதும், அது என் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஐந்து இருபதுக்கு வேர்த்தது. என்னதான் இருந்தாலும் பள்ளிக்கூடத் தோழன். வேர்க்கத்தான் செய்யும். ஐந்து இருபத்திரண்டரைக்கு ரெண்டாம் மணி அடித்தது, விநாடி பிசகவில்லை.

அதற்குப் பிறகும் மூன்றரை நிமிடம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அதே குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு மைக்கும் உண்டு. மேஜைமேல், கை எட்டுகிற இடத்தில். ‘ரசலையா, நில்லு’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் காற்று கொண்டுபோய் அவன் காதில் போட்டிருக்கும். மைக்கைக் கையில் எடுத்தேன். வயர் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதைப் பிரித்து, நேராக்கி, ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டினேன். அப்போது வண்டி பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. அமிகாவை அணைத்தேன். மூன்றாம் மணி அன்று அடிக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். ஷைஜா என் தோளில் விழுந்து, “மணி மாமா” என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நேற்று பிரதீஷ் வந்து, “சாரே, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பழைய சவம் செய்த வேலை. திங்கக்கிழமை ஆக்கர் கடைக்குப் போட்டுரலாம்” என்றான். ஆக்கர் கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா சார்? சுத்தியலால் உடைத்து, செம்பைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிப்பார்கள். முப்பத்துநான்கு வருடம் பொய் சொல்லாத மெஷின், கொலைகாரன் என்று பேர் வாங்கி, ஒரு சாக்கில் கிடக்க வேண்டும்.

அதற்காகத்தான் வந்தேன். தெளிவாகவே சொல்கிறேன். ரசலையனைக் கொன்றது நான். கோளாறு எதுவும் இல்லை. ஏழு லட்சத்து இருபதாயிரம் எண்ணச் சொன்னேன், அது ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணியது. இனி அது வழக்குச் சொத்து, யாரும் தொட முடியாது, இல்லையா? எடுத்து வைக்கும்போது ஈரமில்லாத அறையில் வையுங்கள். வேகப் பலகையை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

ஷைஜாவின் வாக்குமூலத்தை இன்னொரு தடவை வாசிக்கிறீர்களா? அன்று காலை அவள் அப்பா செருப்பை மாட்டியபடி சொன்னதாக எழுதியிருக்கிறாளே, அந்த இடம் மட்டும் போதும்.

“என்னட்டி, இன்னைக்கு மணி நேரத்தே அடிச்ச மாதிரி இருக்கே. வண்டி போன அதிர்வு ஒண்ணும் தெரியலியே... செரி, தங்கையன் வச்ச மணியாக்கும். தப்பாது.”

ஆமாம், அதுதான். இருபத்தெட்டு வருடத்தில் என் மெஷினைப் பற்றி ரசலையன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கமிட்டியில் அவன் பேசியதையெல்லாம் மினிட் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், சார். இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.