பெங்களூருக்கு ஆகாச வழி

லஸ்ஸில் கிளம்பிய டிராமில் என் முன்பலகையில் இரண்டு பேர். பஞ்சகச்சம் கட்டியிருந்தவர் திடீரென்று சொன்னார்: "பெங்களூருக்கு ஏரோப்ளேன் விட்டா, பட்டினி கிடக்காம கட்டிக் குடுத்த பொண்ணைப் பாத்துட்டு வந்துடலாம், ஓய்."

"பட்டினியா? என்னத்துக்கு?" என்றார் குடை வைத்திருந்தவர்.

"ரோடு சுத்திண்டு போறது. மோட்டார்ல ஒரு பகல் பூரா ஆயிடும். ராத்திரி பொண்ணாத்துலதான் தங்கணும். அவளுக்குக் குழந்தை பிறக்கற வரைக்கும் அங்கே நான் கை நனைக்கப்படாதே, ஜலம்கூடக் குடிக்கப்படாது! ஆகாசத்துல நேரா ரெண்டு மணிதானாம். நம்மாத்துல சாப்டுட்டுப் போய், ராச்சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்."

"கட்டுசாதம் எடுத்துண்டு போறதுதானே?"



"மூணு வருஷமா அதைத்தான் நினைக்கறேன், போகத்தான் இல்லை. அவ ஒரு டம்ளர் ஜலம் கொண்டுவந்து நீட்டினா, வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பில்லை, ஓய்."