எழுமலைக்காக நான் அடித்த தந்தி

ஓடுகிறோம். 1975 ஏப்ரல் கடைசி. வியட்நாம் போரின் கடைசி நாட்கள், சைகோன் நகரம். காலை ஒன்பது மணி. முதலில் ராக்கெட்டின் நீண்ட விசில். பிறகு ஒரு நொடி மௌனம். தரை குலுங்குகிறது.

"குனி பாய்! கீய படு!" எழுமலை கத்துகிறான்.

எழுமலை நம் நாட்டுத் துணைத் தூதரகத்தின் டிரைவர். மாமல்லபுரத்துக்காரன். நான் கரீம். செங்கல்பட்டு பஜார். அதே அலுவலகத்தில் குமாஸ்தா.

தூதரகம் என்றால் கொடியும் விருந்தும் என்று ஊரில் நினைப்பார்கள். அரசியல் பேச ஓர் அதிகாரி, வியாபாரத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார்கள். எங்கள் பிரிவுக்கு ஜனங்கள்தான் வேலை. பாஸ்போர்ட், பிறப்பு, இறப்பு. அங்கே இந்தியர் யார் இறந்தாலும் வீட்டுக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு. தந்தி டெல்லிக்குப் போகும். அங்கிருந்து சென்னைக்கு. பிறகு கலெக்டர் ஆபீசுக்கு. கடைசியில் ஓர் ஆள் போய்க் கதவைத் தட்டுவான்.

அலுவலகத்துக்குள் விழுந்தடித்து நுழைந்தோம். பதிவேட்டைப் பார்த்தேன். அடைக்கலம் தேடி வரவேண்டிய இந்தியர்களில் ஒரு குடும்பம் மட்டும் வந்து சேரவில்லை. துணிக்கடை காதர், மனைவி ஜைனப், கைக்குழந்தை.

"போயி இட்டாந்துடு அண்ணாத்த" என்றேன்.

"தோ வந்துட்டேன்" என்றான்.

காரில் கொடி பறந்தது. கொடி இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பினோம்.

பதினொன்று இருபது. மறுபடி விசில். ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. ஓடினேன். சந்தைத் திருப்பத்தில் கார் கவிழ்ந்து கிடக்கிறது. எரிகிறது. பின்சீட்டிலும் ஆட்கள். திரும்பி வரும் வழியில்தான் ராக்கெட் விழுந்திருக்கிறது.

மதியம் தந்தி அடிக்க உட்கார்ந்தேன். எழுமலை, வயது முப்பத்து நான்கு. மனைவி அஞ்சலை. விரல் தப்புத் தப்பாக விழுந்தது. மூன்று தாள் கிழித்தேன். நாலாவதை எடுத்துப் போனபோது தந்தி ஆபீஸ் பூட்டியிருந்தது. மறுநாள் நகரம் வடக்கு வியட்நாம் படையின் கைக்கு மாறியது.

நாலு மாதம் கழித்து ஊர் திரும்பினேன். வீட்டுக்குப் போகவில்லை. செங்கல்பட்டில் பஸ் மாறி நேரே மாமல்லபுரம். அஞ்சலை மணலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாய்! அவுரு பின்னால வந்துகினு கீறாரா?"

'உங்கள் கணவர் இறந்துவிட்டார்.' எத்தனையோ வீடுகளுக்கு நான் எழுதி அனுப்பிய வாக்கியம்.

"நான்தாம்மா அனுப்பிச்சேன்" என்றேன்.

"எங்க அனுப்பிச்ச?" என்றாள்.

எழுமலை. காதர். ஜைனப். ஒரு பெண் குழந்தை. நான்கு பேர். நான்கு உடலும் அந்த மண்ணிலேயே. குழந்தையின் பிறப்பை இன்னும் பதியவில்லை. அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.