மையவாடிக்கு மேல் ஆழம் பார்த்தது

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. கல்முனைக்கு வடக்கே கடலுக்கு இறங்கும் மணல் பாதையில் ஆளே இல்லை. ஜும்ஆத் தொழுகை முடியும்வரை அந்தக் கரையில் எவனும் படகு இறக்கமாட்டான். சைக்கிளில் கார் பெற்றரியைக் கட்டி உருட்டிக்கொண்டு போனான் ஷரிபுதீன், என் கூட்டாளியின் சாச்சா, அவன் வாப்பாவின் தம்பி. எண்பத்தோராம் ஆண்டு. பேய் இரவில்தான் வரும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்... கிட்ட வந்து இருங்கள்.

பின்னால் நடந்தவன் றஊப், ஷரிபுதீனின் மனைவி நபீஸாவின் ஒரே தம்பி. வாசலில் வைத்தே அவள் சொல்லியிருந்தாள்: "கூட்டிப் போற மாதிரியே அவனக் கூட்டி வந்திருங்க. வேற ஒண்டும் கேக்கல."

சைக்கிள் கூடையில் ஆழம் பார்க்கும் பெட்டி. கொழும்புக் கடையில் இரண்டு விதம் காட்டினார்களாம். ஒன்று காகிதத்தில் கோடு கீறும். காகிதம் முடிந்தால் மறுபடி கொழும்புக்கு ஓடவேண்டும். மற்றதில் வட்ட முகம், சுற்றி எண்கள். ஆழம் எவ்வளவோ அந்த எண்ணில் சிவப்பு வெளிச்சம் மின்னும்; நடுவில் மீன் வந்தால் அதற்கும் ஒன்று. அதைத்தான் வாங்கினான். சத்தம் அனுப்பும் குமிழைப் படகின் உள்ளடியில் பசையால் ஒட்டி நன்றாகக் காயவிடச் சொன்னார்கள். அவனுக்கு ஏது பொறுமை! பலகையில் பூட்டிப் படகின் பின்பக்கம் தொங்கவிட்டான்.

அங்கே ஊர் மையத்துகளை அடக்கிய பழைய மையவாடியில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. அந்தத் தண்ணீருக்கு மேலே வந்தால் எஞ்சினை நிறுத்தி, கீழே அடக்கமாகிக் கிடக்கும் கபுறாளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள். படகை இறக்கி, பெட்டியைச் சோதிக்க ஷரிபுதீன் அந்த இடத்தையே பிடித்தான். கரைக்குக் கிட்ட, கழுத்தளவு தண்ணீர், பார்க்க ஒரு கண்ணும் இல்லை.

"மச்சான், மொதல்ல ஸலாம் செல்லுங்க."

"செத்த ஆக்களுக்கு ஸலாம் சென்னா மீன் வருமா? பேசாம இரிடா!"

பெட்டியைப் போட்டான். டிக்... டிக்... டிக். படுத்துக் கிடப்பவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. வெளிச்சம் ஒரு பாகத்தில், ஏறக்குறைய ஒரு ஆள் ஆழத்தில், நின்றது. சரிதான். பிறகு அது நகர்ந்தது. ஐந்து... பத்து... வட்டத்தின் கடைசி எண்.

கடைக்காரனைத் திட்டிக்கொண்டே ஷரிபுதீன் கோலைக் குத்திப் பார்த்தான். மணல் கழுத்தளவில்தான் தட்டியது. அப்போதுதான் வாசம் வந்தது... கற்பூரம். மையத்தைச் சுற்றும் கபன் துணிக்குப் போடுகிற கற்பூரம்.

கடைசி எண்ணிலிருந்து இன்னொரு வெளிச்சம் பிரிந்து மேலே வரத் தொடங்கியது. மெதுவாக.

"குமிழில பாசி பட்டிருக்கும். தொடச்சு விடுடா."

றஊப் பின்பக்கம் குனிந்து முழங்கைவரை கையை விட்டான்.

"மச்சான்... ஆரோ கையப் புடிக்கிறாங்க."

ஷரிபுதீன் பாய்ந்தான். படகு ஒருதரம் சரிந்து நிமிர்ந்தது. பின்பக்கம் றஊப் இல்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. சத்தமே இல்லை. பெட்டியில் இரண்டு வெளிச்சங்கள் ஒட்டினாற்போல் இறங்கிக்கொண்டிருந்தன.

வயரை இழுத்து அறுத்துவிட்டு, கத்திக்கொண்டு படகைக் கரைக்கு விட்டான். ஜும்ஆ முடிந்து வந்த ஆண்கள் சாரனை மடித்துக் கட்டி இறங்கினார்கள். கைகோத்து வரிசையாக நின்று காலால் தடவினார்கள். வெறும் மணல். நபீஸா கரையில் நின்று தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஷரிபுதீனுக்குத் துணிவில்லை. றஊப் எங்கே கிடக்கிறான் என்று இந்தச் சனியன் பிடித்த பெட்டியாவது காட்டாதா என்று படகில் ஏறி, அந்த இடத்துக்கே கோலால் தள்ளிப் போய், வயரை மறுபடி முறுக்கிக் கட்டினான்.

டிக்... டிக்...

கீழேயிருந்து வெளிச்சங்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. தண்ணீரில் நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று.

"ஏறுங்க! எல்லாரும் வெளிய ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கரையில் கூடிய பெண்களின் அழுகைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நபீஸா முக்காட்டை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தாள்.

கடைசி எண்ணில் புதிதாக ஒன்று மின்னியது.