ஒரே பெட்டியில் இரண்டு கேபிள்கள்

உங்கள் அறையின் மூலையில் கேமரா மாட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. கேபிளைச் சுவரோடு சேர்த்து அடிக்காமல் அப்படியே தொங்கவிட்டிருக்கிறார். கூட்ட வருகிறவரின் துடைப்பம் ஒருநாள் அதில் மாட்டும், அன்றைக்குப் படம் போய்விடும். தப்பாக நினைக்காதீர்கள், சார். எங்கே போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. தொழில் புத்தி.

நான் கிரேன் அக்காவுக்காக வந்திருக்கிறேன். இரும்புத் தகட்டுச் சுருள் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவரை, என் தம்பியின் சாவுக்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன், வரிசை தப்பினால் உங்களுக்குப் புரியாது.

அங்கே கிரேன் கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும். அதை ஓட்டும் அக்கா அதில் இருக்க மாட்டார். மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து லீவரைத் தள்ளுவார். சுருள் இறங்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் கட்டம் போட்டிருக்கும். தூணில் உள்ள கேமரா அந்தக் கட்டத்தை மட்டும் காட்டும். சுருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை லீவர் பக்கத்திலுள்ள எண் சொல்லும். கட்டம் காலியாக இருந்தால் இறக்கலாம். ஆள் இருந்தால் நிறுத்த வேண்டும். திரை கறுத்துவிட்டால் லீவரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கிடங்கில் எல்லோருடைய உயிரும் இந்தச் சட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படம் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கேமராக்கள் எல்லாம் நேரே, கீழ்த்தளத்தில் கருவிகள் அடுக்கிய ரேக்கில் இருக்கும் ரெக்கார்டரில் வந்து சேரும். ரெக்கார்டரின் முதுகில் கேபிள் செருகுகிற போர்ட் இரண்டு. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கேபிள் கிளம்பி அக்காவின் அறைக்குப் படம் கொண்டுபோகும். இரண்டையும் ஒரே முகவரியில் சேர்த்துக் கட்டமைத்துவிட்டால், ஒன்று உழைக்கும், மற்றது சும்மா காத்திருக்கும். உழைக்கிற கேபிள் அறுந்தால் காத்திருந்தது எடுத்துக்கொள்ளும். ஃபெயில்ஓவர் என்போம்.

அதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வழியில் கேபிள்கள் போய்ச் சேருகிற பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர், விளக்கு ஸ்விட்ச் இல்லை. இரண்டு கேபிளும் இரண்டு வேறு ஸ்விட்சுக்குப் போக வேண்டும். ஒரே ஸ்விட்சில் இரண்டையும் செருகினால், அந்தப் பெட்டி அணைகிறபோது இரண்டும் சேர்ந்து சாகும். இரண்டு கதவு வைத்து, இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்ட மாதிரி.

என்னைக் கிடங்கில் ரெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். என்னிடம் எதுவும் ஒன்றாக இருக்காது. இரண்டு சாவிக்கொத்து, இரண்டு டார்ச், சட்டைப்பையில் இரண்டு பேனா. "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வச்சிருக்கே, பொண்டாட்டி மட்டும் ஒண்ணுகூட இல்லையே ரெட்டை" என்று அக்கா கேலி செய்வார். நானும் சிரிப்பேன். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வேறு யாருக்கும் வைக்க முடியாத பெயர்.

ரெக்கார்டரைப் பொருத்தியபோது இரண்டாவது ஸ்விட்ச் வந்து சேரவில்லை. அதனால் இரண்டு கேபிளையும் முதல் ஸ்விட்சிலேயே செருகி வைத்தேன். தற்காலிகம்தான். மேலாளர் வந்து நின்றார், சோதனை காட்டினேன். ஒரு கேபிளை உருவினேன், படம் அறுபடாமல் வந்தது. அதைச் செருகிவிட்டு மற்றதை உருவினேன், அப்போதும் வந்தது. மேலாளர் என் முதுகில் தட்டினார். உலகத்தில் எல்லோரும் செய்கிற சோதனை அதுதான். கேபிளை உருவிப் பார்ப்பார்களே தவிர, ஸ்விட்சை அணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பிறகு இரண்டாவது ஸ்விட்சும் வந்தது. அதைப் பொருத்தி, விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். கேபிளை மாற்ற நேரம் வாய்க்கவில்லை. வேலை தலைக்கு மேல் இருந்தது.

அப்படியே வருஷங்கள் ஓடின. கிடங்கில் தம்பியும் என்னோடு வேலைக்குச் சேர்ந்தான். என்னைவிட அதிகம் படித்தவன், ஆனால் அந்தப் படிப்பை முகத்தில் காட்டாதவன். கல்யாணமாகி மனைவியோடு எங்கள் வீட்டிலேயே இருந்தான். அம்மாவுக்கு உயிர். எனக்கும் அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் மதியம் ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, ரெண்டும் ஒரே ஸ்விட்ச்சுல இருக்கே?"

நான் கையிலிருந்த டார்ச்சை அணைத்தேன்.

"பரவால்லண்ணா, எல்லாருக்கும் நடக்குறதுதான். நான் மாத்திடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

மாற்றியும் விட்டான். அவன் சொன்ன சொல்லில் குற்றம் காண ஒன்றுமில்லை, சார். அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மேலாளரிடம் போய்ச் சொல்லியிருந்தால் காட்டிக்கொடுத்தவன் என்று வாழ்நாள் முழுக்க வெறுத்திருப்பேன். அவன் என்னைக் காப்பாற்றினான். தம்பி தயவில் நிற்கிற அண்ணன் ஆனேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள். "உங்கண்ணன் கைல ஒரு வேலை போனா மறுபடி தொட வேண்டியதில்லை. பாத்துக் கத்துக்கோடா." தம்பி என்னைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். "சரிம்மா" என்றான்.

அந்தச் சிரிப்பில் கேலி இருந்திருந்தால்கூடத் தேவலை. அதில் அன்புதான் இருந்தது. அவன் மனைவி சாப்பாடு வைக்கும்போது என் தட்டைப் பார்த்துப் பேசினாள், முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்கும் தெரியுமோ என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எதற்குச் சிரித்தாலும் கேபிளை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது. தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. தம்பி மாத்திரை வாங்கிக் கொடுத்தான்.

இன்னொன்றும் நடந்தது. தம்பி கேபிளை மாற்றியபோது அக்காவின் திரை ஒரு கணம் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கொக்கியில் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி வந்துவிட்டார். "லீவரை அப்படியே விட்டுட்டேன் ரெட்டை. இப்படித் திடீர்னு கறுத்தா நான் எப்படி வேலை பாக்கறது? கறுக்காம ஏதாவது பண்ணு." பண்ணினேன். படம் வராவிட்டால் கடைசியாக வந்த படத்தையே திரையில் பிடித்து வைக்கும்படி அமைக்கலாம். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று கேட்கும். இரண்டு விநாடி என்று கொடுத்தேன். கேபிள் மாறுகிற நேரத்துக்கு அது போதும், அதற்குமேல் போனால் திரை கறுத்துவிடும். அக்காவுக்கு இதன் உள்விவகாரம் தெரியாது. கறுக்காது என்று மட்டும் தெரியும். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். அதை நான் ஒரு சோதனையாகத்தான் நினைத்திருந்தேன். தம்பி செய்த மாற்றம் சரிதானா என்று மூத்தவன் பார்க்க வேண்டாமா? முதல் ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். அவன் ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டாவது ஸ்விட்ச் வழியாகப் படம் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதில் என்ன தப்பு இருக்கிறது என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன்.

ஆனால் காலையிலேயே நான் இரண்டாவது கேபிளைப் பழைய இடத்தில் செருகிவிட்டிருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். படத்தைப் பிடித்து வைக்கிற நேரத்தையும் இரண்டு விநாடியிலிருந்து வரம்பில்லை என்று மாற்றிவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து, அடுத்த சுருளைத் தூக்க அக்கா கிரேனை நகர்த்திக்கொண்டிருந்தார். மஞ்சள் கட்டம் காலியாக இருந்தது. ரேக்கில் நின்றபடி ஸ்விட்சின் மின்சாரத்தை அணைத்தேன். காலித் தரை அசையாது, சார். நேரடியாக வருகிற காலித் தரைக்கும் நின்றுபோன காலித் தரைக்கும் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பிறகு தம்பியைக் கூப்பிட்டேன்.

"தூண் கேமரா லென்ஸ்ல தூசி. போய்த் துடைச்சிடறியா?"

"கட்டத்துக்குள்ள நிக்கணுமேண்ணா. அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

துணியை எடுத்துக்கொண்டு போனான். கிரேன் இறங்கும்போது சங்கு ஊதும். ஆனால் அந்தக் கிடங்கில் ஏதாவது ஒரு கிரேன் எந்நேரமும் ஊதிக்கொண்டேதான் இருக்கும், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அக்காவிடம் சொல்லியாயிற்று என்று அண்ணன் சொன்ன பிறகு அவன் ஏன் நிமிர்ந்து பார்க்கப் போகிறான்?

சத்தம் கேட்டதும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் ரேக்கிலேயே நின்று ஸ்விட்சைப் போட்டேன், நேரத்தை மறுபடி இரண்டு விநாடி ஆக்கினேன். கேபிளை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு ஓடினேன். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பொய் அழுகை இல்லை. அவன் கையில் துணி இருந்தது. கடைசிவரை லென்ஸைத்தான் துடைத்திருக்கிறான்.

அக்கா உங்களிடம் உண்மையைத்தான் சொன்னார். "கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. சுருள் படத்துக்குள்ள வரவே இல்ல, அதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு." நீங்கள் ரெக்கார்டரில் பார்த்தீர்கள். கேமராக்கள் நேரே அதில் சேருவதால், அக்காவுக்குப் போகாத படமும் அதில் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. தம்பி லென்ஸுக்கு நேரே நிற்கிறான், துணி விலகும்போதெல்லாம் சுருள் இறங்குவது தெரிகிறது. திரை கறுத்ததா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை என்றார். பாவம், அந்த ஒரு பதிலே அவரை உள்ளே தள்ளிவிட்டது. படம் வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டே இறக்கியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டீர்கள்.

அவர் உள்ளே போன அன்றே நான் வந்திருக்கலாம். வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அம்மா இப்போது யாரோடும் பேசுவதில்லை. தம்பி மனைவி அவள் வீட்டோடு போய்விட்டாள். அக்காவின் கணவர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, அக்கா சார்பில் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "உங்க தம்பின்னா அவளுக்கு எவ்ளோ இஷ்டம் தெரியுமா" என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம்தான் உங்கள் நிபுணரின் அறிக்கை கிடங்குக்கு வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிக்கிறார்கள். திரை கறுக்காததால் விபத்துக்குத் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார். இரண்டு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில் இருந்தன, பொருத்தியவரின் கவனக்குறைவு, எச்சரித்தால் போதும். மேலாளர் கூப்பிட்டு எச்சரித்தார். தம்பியைப் பறிகொடுத்தவன் என்று மெதுவாகத்தான் சொன்னார். வெளியே வந்தபோது பலகை முன்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்காவை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். நல்லது. அம்மாவுக்கு நீங்களே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. எந்தத் தண்டனையாக இருந்தாலும் சரி, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அந்த அறிக்கையை மட்டும் திருத்தி மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், சார். கவனக்குறைவு என்று இருக்கக் கூடாது. அந்தக் கேபிளை நான் தெரிந்தேதான் அங்கே செருகினேன்.