பேச்சிமுத்து அடித்த சாவு மணி

சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பேச வேண்டியதை இந்தத் தடவை நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன். எழுத்து கோணலும் மாணலுமாத்தான் இருக்கு, மன்னிக்கணும். சின்ன 'ர'வுக்கும் பெரிய 'ற'வுக்கும் எனக்கும் இன்னும் சமாதானம் ஆகலை. பாதி எழுத்து கோட்டுல ஏறி நிக்குது, பாதி இறங்கிக் கெடக்குது. உங்களுக்கென்ன, வாசிக்கப் போறவன் நான்தானே… நான் எழுத்துக் கூட்டிப் படிக்க நின்னா, நீங்களும் என்கூடக் கொஞ்சம் நில்லுங்க.

புது மனுஷனாகிறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்குப் பிரசங்கம் பண்ண வராது. எங்க ஊர்ல கண்ணால பார்த்த ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிடுறேன்.

பேச்சிமுத்துன்னு ஒருத்தர். லாரி டிரைவர். ஒரு நாள் லாரி கவுந்து ஒரு கால் முடமாச்சு. கால் போனதும் வேலை போச்சு. வேலை போனதும்… என்ன வரும்? குடி வந்துது. வீட்டுக்காரி பூங்கனி தையல் மிஷினை மிதிச்சுக் கஞ்சி ஊத்தினா. அந்த மிஷினையும் தூக்கி வித்துக் குடிச்சார். அன்னைக்கே அந்தப் பிள்ளை துணியைச் சுருட்டிக்கிட்டு மேலத்தெருவுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் இவர் அந்த வாசல்ல போய் நின்னாக் கதவு திறக்காது.

எங்க போதகர் பாக்கியநாதன் ஐயா இவரைக் கூப்பிட்டு, கோயிலைப் பெருக்கு, மணி அடின்னு ஒரு வேலை கொடுத்தார். மணியில ரெண்டு விதம் உண்டு. ஆராதனைக்குன்னா விடாம அடிக்கணும். சாவுக்குன்னா ஒண்ணு அடிச்சு… நிறுத்தி… இன்னொண்ணு. சாவு மணி கேட்டா எங்க ஊர்ல கோயிலுக்கு வர்ற வேதக்காரங்க, மத்தவங்கன்னு பாக்கிறதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவங்ககூட வந்துருவாங்க. அது ஊர் வழக்கம்.

பெருக்கப் போன இடத்துல வசனம் காதுல விழுந்துது. மனசு இளகிச்சு. குடியை விட்டார். ஞானஸ்நானம் கேட்டார். ஐயா பாடம் சொல்லிக் கொடுக்கையில, தண்ணிக்குள்ள முங்கும்போது பழைய மனுஷன் செத்துப் போறான், எந்திரிக்கிறது புது மனுஷன்னு சொன்னார். இவருக்குச் சந்தேகம். நிஜமாவே சாவுதானா ஐயான்னு கேட்டார். நிஜமாவே சாவுதாம்பான்னு ஐயாவும் அழுத்திச் சொல்லிட்டார்.

சரி. ஊர்ல ஒருத்தன் செத்தா, மணி அடிக்கிறவன் வேலை என்ன? நீங்களே சொல்லுங்க.

ஞானஸ்நானத்தன்னைக்குக் காலையில நான் கோயிலுக்கு எதிர்த்த டீக்கடையில இருக்கேன். டங்… டங்… சாவு மணி. கிளாஸை அப்படியே வச்சிட்டு ஓடுறேன். ஊரே ஓடி வருது. ஐயா பாதி ஷேவ் பண்ணின முகத்தோட வாறார்.

"யாருப்பா போனது?"

கயித்தை விடாமலே பேச்சிமுத்து சொல்றார், "நான்தான் ஐயா."

பூங்கனியோட அண்ணன் லிங்கதுரைக்கு வந்துதே கோவம். "ஏலே, காலையிலேயே ஊத்திட்டியா?"

"ஊதிக் காட்டவா மச்சான்?"

மூஞ்சிக்கு நேரா ஒரு ஊது. லிங்கதுரை மோந்து பாத்துட்டு எங்க பக்கம் திரும்பி, பல்பொடி வாசனைதான் வருதுங்கிறார்.

அப்பத்தான் பூங்கனி வந்தா. தலைமுடி அவுந்து கெடக்கு, கையெல்லாம் தோசை மாவு. யார் செத்ததுன்னு அவகிட்ட யாரும் சொல்லலை. அவளா இவரைத்தான் நினைச்சுக்கிட்டு ஓடி வந்திருக்கா. இவரைப் பாத்ததும் நின்னுட்டா. மூச்சு வாங்குது. கூட்டம் விலகி வழி விட்டுது.

"யாரு செத்தது?"

"உன் மிஷினை வித்தவன்."

அவ அவரையே பாத்துக்கிட்டு, கையில இருந்த மாவை முந்தானையில துடைச்சா. கடைசியில, சாவு வீட்டுல எல்லாரும் கேக்கிற அந்தக் கேள்வியைத்தான் அவளும் கேட்டா.

"எத்தனை மணிக்கு எடுக்காங்க?"

ஐயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துட்டுது. ஆராதனை முடிஞ்சதும் குளத்துக்கு எடுக்கிறோம்மான்னார். அவ அங்கேயே படியில உக்காந்துட்டா. அன்னைக்கு ஆராதனைக்கு உள்ள இடம் பத்தலை. முடிஞ்சதும் ஊர் மொத்தமும் குளத்துக்குப் போச்சு. ஐயா முக்கி எடுத்தார். பேச்சிமுத்து தண்ணி சொட்டச் சொட்ட, நொண்டிக்கிட்டே நேரா அவகிட்ட வந்து, வீட்டுக்கு வாறியான்னு கேட்டார்.

"பதினாறு கழியட்டும். அதுக்குள்ள செத்தவன் எந்திரிச்சு வரலைன்னா, நான் வாரேன்."

குளக்கரையே சிரிச்சுது. ஆனா அவ சிரிக்கலை. அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் லிங்கதுரை போவார், ஊதச் சொல்லி மோந்து பாப்பார், வந்து தங்கச்சிகிட்டச் சொல்லுவார். பதினாறும் கழிஞ்சுது. பூங்கனி வந்துட்டா. டிரங்குப் பெட்டியைத் தலையில வச்சிக்கிட்டு முன்னால நடந்து வந்தது யாரு? அந்த லிங்கதுரைதான்.

சபையாரே, பேச்சிமுத்து தப்பா அடிச்சாரா? ஐயா அவரை ஒரு வார்த்தை திட்டலை. நாம பாடத்துக்குச் சரியா அர்த்தம் தெரிஞ்சவங்க. ஆனா என்ன செய்றோம்? பழையவனை அடக்கம் பண்ணிட்டோம்னு சொல்றோம், அவன் கோவத்தை மட்டும் எடுத்து வச்சிக்கிறோம். கஷ்டம் நம்மளை உடைச்சுப் போட்ட இடத்துலதான் ஆண்டவர் கை வைக்கிறார். அவர் கொடுக்கிறது புது உயிர், பழசுல போட்ட ஒட்டு இல்லை. கைநாட்டு வச்சிக்கிட்டு ஒரு கிழவன் என் சட்டைக்குள்ள இருந்தான். இந்த வருஷம் நான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன், அவனும் போயிட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை நான்.

விரல் வலிக்குது. அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இன்னொரு பக்கம் எழுதிருவேன். இன்னைக்கு இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. உங்க பழைய மனுஷன்கிட்ட அதிகமாக் கஷ்டப்பட்டது யாரு? அவங்க இப்ப எந்தத் தெருவுல இருக்காங்க? ஆண்டவர்கிட்ட ரகசியமாச் சொன்னாப் போதும்னு இருந்துடாதீங்க. அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்கணும்… கயித்தை நல்லா இழுத்து அடிங்க.